காட்சிக்கூடத்துச் சாமி

கோயிலிலிருந்து அருங்காட்சியகத்துக்கு வந்த தெய்வ உருவம் இன்னும் தெய்வம்தானா என்ற கேள்வி தமிழ்நாட்டில் வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்திலும் நிற்கும் செப்புத் திருமேனிகள் ஒரு காலத்தில் நாள்தோறும் நீராட்டப்பட்டு, பட்டு உடுத்தி, படையல் ஏற்றவை. இப்போது அவற்றுக்கு ஓர் எண்ணும் விளக்க அட்டையும் உண்டு, பூசை இல்லை. பார்க்க வருகிறவர்களில் சிலர் கைகூப்புகிறார்கள், சிலர் பீடத்தருகே காசு வைத்துவிட்டு நகர்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் குறிப்பேட்டோடு வரிசையாகக் கடந்து போகிறார்கள். ஒரே உருவத்தின் முன் நடக்கும் இந்தக் காரியங்களில் எது பொருத்தம் என்று கேட்டால், மரபிடமிருந்து ஒரே விடை வருவதில்லை. பல விடைகள் வருகின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்தும் போவதில்லை.

ஆகம நூல்களின் விடை நடைமுறை சார்ந்தது. மெழுகில் உருச் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார் ஸ்தபதி. மண் அச்சை உடைத்ததும் வெளியே வருவது உலோகம்தான். அராவி, செதுக்கி, மெருகேற்றி முடித்த பிறகும் அது உலோகம்தான். கண் திறந்து, நீரிலும் தானியத்திலும் கிடத்தி, யாகசாலையில் கும்பத்தில் எழுந்தருளச் செய்த தெய்வத்தை அந்த நீரோடு உருவத்தில் சேர்த்த பிறகே அது வழிபாட்டுக்கு உரியதாகிறது. அதோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. நித்திய பூசை விட்டுப்போனால் பிராயச்சித்தம் உண்டு; நெடுநாள் விட்டுப்போனால் மீண்டும் சம்ப்ரோட்சணம் செய்ய வேண்டும். ஒருமுறை கொடுத்துவிட்டால் என்றென்றும் தங்கிவிடும் தன்மையாக இறைமையை ஆகமம் பார்க்கவில்லை. விருந்தாளியை உபசரிப்பதுபோல, நாள் தவறாமல் செய்யும் பணியால் தக்கவைக்க வேண்டிய ஒன்றாகவே பார்க்கிறது.

அந்த இருப்பை இடம் மாற்றவும் முறை இருக்கிறது. திருப்பணி நடக்கும்போது கருவறைத் தெய்வத்தின் ஆற்றலைக் கும்பத்துக்கோ படத்துக்கோ ஈர்த்து, தற்காலிகச் சன்னிதியான பாலாலயத்தில் வைத்து வழிபடுவார்கள். கலாகர்ஷணம் என்று அதற்குப் பெயர். அந்த நாட்களில் கருவறையில் இருக்கும் கல்லில் கொத்தனார் கைவைக்கலாம், சாந்து பூசலாம், குற்றமில்லை. இதை அப்படியே பொருத்தினால் அருங்காட்சியகக் கேள்வி எளிதாகத் தீர்ந்துவிடும்போலத் தெரியும்: பூசை நின்றது, இருப்பு அகன்றது, எஞ்சியது கலைப்பொருள். சிக்கல் என்னவென்றால், அருங்காட்சியகத்துக்குப் போன பெரும்பாலான திருமேனிகளுக்கு யாரும் கலாகர்ஷணம் செய்து அனுப்பவில்லை. அவை மண்ணிலிருந்து வந்தவை.

மண்ணுக்குள் போன கதையும் சமயக் கதைதான். படையெடுப்புக் காலங்களில் உற்சவ மூர்த்திகளைப் புதைத்து மறைப்பது தமிழகத்துக் கோயில்களில் பரவலாக நடந்தது. இதற்கென்றே வைணவ வைகானச ஆகம நூலான விமானார்ச்சன கல்பத்தில் விதி இருக்கிறது. பகைவர் அச்சம் நேரும்போது மறைவான இடத்தில் குழி தோண்டி, மணல் பரப்பி, பூமகளை வேண்டி, திருமேனியில் உள்ள ஆற்றலை மூலவரிடம் சேர்த்துவிட்டு உருவத்தைக் கிடத்த வேண்டும். ஆபத்து நீங்கியதும் எடுத்து, தூய்மை செய்து, மறுபடி எழுந்தருளச் செய்யலாம். ஆக, முறைப்படி புதைக்கப்பட்ட திருமேனி உறங்கும் தெய்வம்கூட அல்ல. தெய்வம் வெளியே போய்விட்டுத் திரும்பி வரக் காத்திருக்கும் வீடு. ஆனால் ஓடுகிற அவசரத்தில் எத்தனை பேரால் விதிப்படி செய்ய முடிந்திருக்கும்? மூலவரும் இடிபட்டு, புதைத்தவர்களும் திரும்பாத ஊர்களில் அந்த ஆற்றல் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு நூலில் விடை இல்லை.

புதைக்காமல் தூக்கிக்கொண்டு போனதும் உண்டு. 1323இல் திருவரங்கம் தாக்குதலுக்கு உள்ளானபோது அங்குள்ள உற்சவரான நம்பெருமாளை அடியார்கள் எடுத்துச் சென்றார்கள். ஊர் ஊராக அலைந்து, திருமலையிலும் தங்கி, 1371இல்தான் உற்சவர் அரங்கம் திரும்பினார். வழியில் காவலாகப் போன ஸ்ரீவைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் மதுரைக்கு அருகே உயிர் நீத்தார். 17ஆம் நூற்றாண்டில் தில்லைக் கூத்தனும் ஏறத்தாழ நாற்பது ஆண்டு சிதம்பரத்தில் இல்லை. இந்த இரண்டு அலைச்சலையும் மரபு தெய்வத்தின் குறைவாக நினைவில் வைக்கவில்லை. ஊர்விட்டு ஊர் போனதால் யாரும் நம்பெருமாளைச் சிலை என்று சொல்லிவிடவில்லை. உடன் போன கூட்டம் அன்றாடப் பணியை விடாமல் செய்துகொண்டு போனது என்பதுதான் அதன் அடிப்படை.

பிள்ளை லோகாசாரியரின் பெயர் இந்தக் கேள்விக்கு இன்னொரு விதத்திலும் தேவைப்படுகிறது. திருமால் தன்னை வெளிப்படுத்தும் ஐந்து நிலைகளில் அர்ச்சாவதாரம், அதாவது கோயில் திருமேனி, கடைசியானது. ஆனால் அடியவருக்கு மிக எளியது என்பது ஸ்ரீவைணவக் கொள்கை. பரமபதத்தில் இருக்கும் வடிவையும் பாற்கடல் வடிவையும் பத்து அவதாரங்களையும் எட்ட முடியாதவர்களுக்காக, அவன் உலோகத்திலும் கல்லிலும் தன்னை ஒப்படைத்துக்கொண்டு, அர்ச்சகர் உண்ணச் சொன்னால் உண்டு, உறங்கச் சொன்னால் உறங்குகிறான். அந்தத் திருமேனி எந்தப் பொருளால் ஆனது என்று ஆராய்வதே தாயின் கற்பை ஆராய்வதற்கு நிகரான குற்றம் என்கிறது பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசன பூஷணம். அருங்காட்சியகத்தின் விளக்க அட்டையோ பெயருக்கு அடுத்தபடியே அந்தக் குற்றத்தைச் செய்துவிடுகிறது: வெண்கலம், 11ஆம் நூற்றாண்டு, இன்ன மாவட்டம். அட்டை எழுதுபவர் மேல் தவறில்லை. அவருடைய துறையின் முதல் கேள்வியே பொருள் எது, காலம் எது என்பதுதான். ஆனால் இரண்டு பார்வைகளும் எந்த இடத்தில் மோதுகின்றன என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்ட முடியாது.

சைவ சித்தாந்தம் கொஞ்சம் விலகி நின்று பேசுகிறது. சிவம் எங்கும் நிறைந்தது. உருவத்துக்குள் அடைபடுவது அன்று. உயிர் பற்றிக்கொள்வதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்காக உரு, அருவுரு, அரு என்ற மூன்று நிலைகளில் அது அருள் செய்கிறது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் அடியாரின் வேடத்தையும் ஆலயத்தையும் அரன் எனவே கண்டு வழிபடச் சொல்கிறது. அப்படியானால் அழுத்தம் வழிபடுபவரின் பக்கம் சாய்கிறது. காட்சிக்கூடத்தில் கைகூப்பும் மூதாட்டியின் செயல் இந்தக் கணக்கில் முழுமையான வழிபாடு. கும்பமும் யாகசாலையும் இல்லாதது அவரைத் தடுக்காது. மறுபக்கம் சிவவாக்கியர் போன்ற சித்தர்கள் நட்டு வைத்த கல்லைச் சுற்றுவதையே கேலி செய்தவர்கள். அவர்களுக்குக் கோயிலும் அருங்காட்சியகமும் ஒன்றுதான்: இரண்டிலும் தேடுபவன் தவறான இடத்தில் தேடுகிறான். கோயிலுக்குள் இருக்கும்போது மட்டும் அது தெய்வம் என்று அடித்துச் சொல்ல, ஆகமத்தின் சடங்கு விதியைத் தவிர வேறு எந்தத் தமிழ்த் தத்துவ மரபும் அவ்வளவாக முன்வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மண்ணிலிருந்து அருங்காட்சியகத்துக்கு வழி போட்டுக் கொடுத்தது 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். மண்ணில் மறைந்து கிடந்த, மதிப்புள்ள எதுவும் அதன்படி புதையல். அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். தங்கக் காசுக் குடமும் நடராசரும் அந்த வரையறைக்குள் ஒன்றாகவே வந்தன. வயலில் ஏரில் மாட்டி ஒரு திருமேனி வெளிப்பட்டால் ஊர் செய்வது வேறு. வட்டாட்சியர் வந்து சேர்வதற்குள் மண்ணைக் கழுவி, மஞ்சளும் குங்குமமும் திருநீறும் பூசி, மாலை போட்டுக் கற்பூரம் காட்டிவிடுவார்கள். மறுபடி எழுந்தருளச் செய்யும் சடங்குக்கு யாரும் காத்திருப்பதில்லை. அதிகாரி வந்து அதே உருவத்தை அளந்து, எடை போட்டு, பஞ்சநாமா எழுதி, வண்டியில் ஏற்றும்போது ஊருக்கும் அரசுக்கும் இடையே எழும் வாக்குவாதத்தில் சட்டத்தைப் போலவே ஒரு சமயக் கொள்கையும் பேசுகிறது: வெளிப்பட்டதே எழுந்தருளியதற்குச் சமம்.

இப்படித்தான் 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் உலகின் மிகச் சிறந்த செப்புத் திருமேனித் தொகுப்புகளில் ஒன்றைப் பெற்றது. திருவாலங்காட்டு நடராசரின் நிழற்படங்களைப் பார்த்துப் பிரெஞ்சுச் சிற்பி ரோடின் எழுதிய கட்டுரை 1921இல் வெளியானது. கோயிலுக்குள் ரோடினால் அந்த உருவத்தை அப்படிப் பார்த்திருக்கவே முடியாது. யாராலும் முடியாது. உற்சவ மூர்த்தி பட்டாலும் மலராலும் நகையாலும் மூடப்பட்டு, முகம் மட்டும் தெரியும்படி வீதிக்கு வருகிறார். முழுத் திருமேனியும் தெரிவது திருமஞ்சனத்தின்போதுதான். சோழர் காலத்துச் சிற்பியின் கைத்திறன் என்று இன்று பாடநூல்கள் போற்றுவதில் பெரும்பகுதி, அந்தச் சிற்பியின் காலத்துப் பக்தர் கண்ணுக்குப் படாமலே இருந்தது. கலை என்ற வகையில் அருங்காட்சியகம் உருவத்தை முதன்முறையாகத் திறந்து காட்டியது. சமயம் என்ற வகையில் அதன் உடையைக் களைந்துவிட்டது. இரண்டும் ஒரே செயல்.

தஞ்சைக் கலைக்கூடம் 1951இல் தொடங்கப்பட்டது. அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் நிற்கிறார். முதலாம் ராசராசன் காலத்தில், 1011இல் எழுந்தருளுவிக்கப்பட்டவர். சடைமுடியைத் தலைப்பாகைபோலச் சுற்றி, காலை மாற்றி ஊன்றி, வலக்கையைக் காளையின்மேல் சாய்த்த நிலை. காளை கிடைக்கவில்லை. கை சாய்ந்திருக்கும் இடத்தில் வெறும் காற்றுதான் இருக்கிறது. காளை இல்லாததால் அந்த நிற்றலின் நளினம் இன்னும் கூடுகிறது என்பவர்களும் உண்டு. அது அருங்காட்சியகத்துப் பார்வை. ஆகமம் அங்கம், உபாங்கம், பிரத்தியங்கம் என்று பிரித்து, சிறு உறுப்புக் கெட்டால் செப்பனிடலாம், முதன்மை உறுப்புக் கெட்டால் அந்த உருவத்தை வழிபாட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று சொல்லும். உலோகமாக இருந்தால் உருக்கிப் புதிதாக வார்க்கலாம். கையிழந்த உமையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பது கலை வரலாற்றுக்கு அறம்; ஆகமப்படி அதற்குத் தேவையே இல்லை.

நெடுங்காலம் பூசையில் இருந்த திருமேனிகளை நெருங்கிப் பார்த்தால் மூக்கும் உதடும் தேய்ந்து வழுவழுப்பாக இருப்பது தெரியும். எண்ணெய், பால், சந்தனம், துடைக்கும் துணி என்று நூற்றாண்டுக் கணக்கில் கை பட்ட தேய்மானம் அது. சீக்கிரமே மண்ணுக்குள் போனவற்றில் புருவக் கோடுகூடக் கூர்மையாக நிற்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடம் 1930களில் களிம்பேறிய திருமேனிகளை மின்பகுப்பு முறையில் தூய்மை செய்யத் தொடங்கியது. மண்ணின் உப்பு உலோகத்தை அரிப்பதைத் தடுக்க ஈரம் படாமல் வைப்பதே பாதுகாப்பு. கோயிலிலோ தெய்வத்துக்கு நீரும் பாலும் ஊற்றாமல் இருப்பதுதான் கேடு. தேய்வு ஒரு பக்கத்துக்குச் சேதம், மறுபக்கத்துக்குச் சேவையின் தடம்.

இதைத் தத்துவமாக எடுத்துப் பேசியவர்களில் ஆனந்த குமாரசாமி முதன்மையானவர். கொழும்பில் ஒரு தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் முப்பது ஆண்டு பணியாற்றிய அவர், கலைப்படைப்புகளைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்ற கேள்வியையே தலைப்பாக்கி எழுதினார். அருங்காட்சியகத்தில் இருக்கும் பழம்பொருள் எதுவும் அருங்காட்சியகத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. அது எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்ப்பவருக்கு உணர்த்தாமல் அழகை மட்டும் ரசிக்க வைப்பது கல்வி ஆகாது என்பது அவர் வாதம். அவர் அருங்காட்சியகத்தை மூடச் சொல்லவில்லை. அங்கே சம்பளம் வாங்கியவர் சொல்லவும் முடியாது. ஆனால் அட்டையில் எழுதப்படாமல் போகும் செய்தியே முதன்மையானது என்று அவர் சுட்டியது இன்றும் பெரும்பாலான கூடங்களுக்குப் பொருந்தும்.

சட்டம் இந்த விவாதத்துக்குள் எதிர்பாராத ஆழத்தோடு நுழைந்தது. இந்துத் தெய்வ உருவம் சட்டப்படி ஒரு நபர், தன் பெயரில் வழக்காடலாம் என்று 1925இல் பிரிவி கவுன்சில் ஏற்றது. அந்த நபர் உலோகமோ கல்லோ அல்ல, அது குறிக்கும் தெய்வம் என்று 1969இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பத்தூர் நடராசர் வழக்கு இந்தக் கருத்தை இலண்டனுக்குக் கொண்டுபோனது. அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் இடிந்துபோன விசுவநாதர் கோயிலருகே 1976இல் ஒரு கூலித் தொழிலாளி கண்டெடுத்த நடராசர் கைமாறி, கடல் தாண்டி, 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றால் வாங்கப்பட்டு, இலண்டன் காவல்துறையிடம் சிக்கினார். உரிமை கோரியவர்களில் அரசும் கோயிலும் மட்டுமல்ல, அந்த இடிபாட்டில் கிடைத்து மறுபடி வழிபாட்டுக்கு வந்த சிவலிங்கமும் ஒரு வாதி. மண் ஒப்பீடும் சிற்ப நடை ஒப்பீடும் சான்றுகளாயின. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சியம் சொன்னார். 1988இல் வந்த தீர்ப்பு 12ஆம் நூற்றாண்டில் கோயில் எடுப்பித்தவரின் அறநோக்கம், கோயிலின் ஒரு கல் அவ்விடத்தில் எஞ்சியிருக்கும் வரை உயிரோடிருக்கிறது என்றது. 1991இல் மேல்முறையீடும் தள்ளுபடியாகி நடராசர் நாடு திரும்பினார். நூற்றாண்டுகள் பூசையின்றிக் கிடந்த இடத்தில் தெய்வம் தொடர்ந்து இருந்தது என்று ஆகமம் தயங்கும் ஒன்றை ஆங்கில நீதிமன்றம் தயங்காமல் சொன்னது விந்தைதான்.

ஆகமத்துக்கு வெளியே உள்ள ஊர்த் தெய்வங்களிடம் கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரங்களில் ஆநிரை மீட்டு இறந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் பல்லவர் காலத்திலிருந்தே கிடைக்கின்றன. செங்கம் நடுகற்கள் பற்றிய தொகுப்பை மாநிலத் தொல்லியல் துறை 1972இல் வெளியிட்டது. இவற்றில் சில மாவட்ட அருங்காட்சியகங்களின் முற்றத்தில் வரிசையாக நிற்கின்றன. இன்னும் பல வயலோரத்தில் வேடியப்பன் என்ற பெயரில் பொங்கலும் படையலும் ஏற்கின்றன. கல்லில் எழுதியிருக்கும் வீரனின் பெயரும் அவன் தலைவனின் பெயரும் கும்பிடுபவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் அக்கறையும் குறைவு. அருங்காட்சியகத்துக்கு வந்த கல்லுக்குப் பெயரும் காலமும் திரும்பக் கிடைத்து, கும்பிடுவோர் போய்விட்டார்கள். வயலில் நின்ற கல்லுக்குக் கும்பிடுவோர் இருந்து, பெயர் போய்விட்டது. மரபுச் சின்னத்தைக் காப்பது என்று பொதுவாகப் பேசும்போது இவற்றில் எதைக் காப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் காத்துவிட முடியாது.

அய்யனார் கோயில் மண்குதிரைகள் காப்பது என்ற எண்ணத்தையே கேள்வி கேட்பவை. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் புரவி எடுப்பின்போது குயவர்களான வேளார் செய்து கொடுக்கும் குதிரைகளை ஊரே சுமந்துபோய்க் கோயில் வாசலில் நிறுத்தும். பழைய குதிரைகளை யாரும் செப்பனிடுவதில்லை, அகற்றுவதும் இல்லை. மழையில் சிதைந்து, வேர் ஏறி, அவை மண்ணோடு மண்ணாகும். பக்கத்தில் புதியவை நிற்கும். இங்கே நேர்த்திக்கடன் என்பது செய்வதில் இருக்கிறது, செய்த பொருளில் இல்லை. பசை ஒட்டி, வேதிப்பூச்சுப் பூசி நிறுத்திய அய்யனார் குதிரை கைவினைக்கு நல்ல சான்று. அதை வைத்து அந்த வழிபாட்டைப் புரிந்துகொள்ள முயன்றால் தவறான இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம்.

நாகப்பட்டினத்துப் பௌத்தப் படிமங்கள் இன்னொரு நிலை. 1856 தொடங்கி அங்கே கிடைத்த ஏறத்தாழ 350 செப்புப் படிமங்களில் பல எழும்பூரில் உள்ளன, மற்றவை உலகெங்கும் சிதறிவிட்டன. ஸ்ரீவிசய மன்னர் பெயரால் சோழ நாட்டில் எழுந்த விகாரையில் வழிபடப்பட்டவை அவை. திரும்பக் கேட்க அங்கே விகாரையும் இல்லை, சங்கமும் இல்லை. வழிபடுவோர் இல்லாமல் போன உருவத்துக்கு அருங்காட்சியகமே கடைசி வீடு என்று சொல்லத் தோன்றும். ஆனால் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள பிப்ரவாவில் கிடைத்த புத்தரின் உடல் எச்சங்கள் (தாதுக்கள்) 2012இல் இலங்கைக்கும் 2022இல் மங்கோலியாவுக்கும் 2024இல் தாய்லாந்துக்கும் எடுத்துச் செல்லப்பட்டபோது இலட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று வணங்கினார்கள். பதிவேட்டில் தொல்பொருளாகவே இருந்த ஒன்று சில வாரங்களுக்குப் புத்தரின் உடலாகி, மறுபடி பதிவேட்டுக்குத் திரும்பியது. அதற்குச் சடங்கு எதுவும் தேவைப்படவில்லை. கூட்டம் போதுமானதாக இருந்தது.

இந்த விடைகள் அனைத்தையும் சோதனைக்கு உள்ளாக்குவது கும்பகோணத்தை அடுத்த சுந்தரபெருமாள்கோயில் சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வார். ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967இல் ஏலத்தில் வாங்கிய திருமேனி அந்தக் கோயிலில் 1957இல் படமெடுக்கப்பட்டதே என்பதைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பு காட்டியது. திருப்பித்தர 2024இல் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. இதற்கிடையே கோயிலில் பூசை நிற்கவில்லை. திருடப்பட்ட அசலின் இடத்தில் இருந்த நகலுக்குப் பல பத்தாண்டுகளாக மாலையும் திருமஞ்சனமும் நடந்திருக்கின்றன. பிரதிஷ்டையை வைத்துப் பார்த்தால் ஆழ்வார் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார். சேவையை வைத்துப் பார்த்தால் கோயிலில்தான் இருந்தார். அடியார் எந்த உருவை விரும்புகிறார்களோ அந்த உருவையே இறைவன் ஏற்கிறான் என்ற ஆழ்வார்களின் கருத்தைக் கொண்டால், திருடன் வைத்துவிட்டுப் போன நகலும் பொய் ஆகிவிடாது. அசல் திரும்பும்போது நகலை என்ன செய்வது என்பது அதனால் காவல்துறைக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல.

திரும்பி வந்தவை எல்லாம் கருவறைக்குப் போய்விடுவதும் இல்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் பூசை நின்று பூட்டிக் கிடந்த கோயிலிலிருந்து திருடப்பட்டு, 2008இல் கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கிய நடராசரை 2014இல் அந்நாட்டுப் பிரதமர் நேரில் ஒப்படைத்தார். வழக்குச் சொத்து என்பதால் நீதிமன்றம், பாதுகாப்பு என்றே அவருடைய பயணம் தொடர்ந்தது. காவலில்லாத சிற்றூர்க் கோயில்களின் திருமேனிகளை அறநிலையத் துறை திருவாரூர் போன்ற ஊர்களில் உள்ள பாதுகாப்பு மையங்களில் வைத்திருக்கிறது. அவை கோயிலும் அல்ல, அருங்காட்சியகமும் அல்ல. அங்கே அன்றாட வழிபாட்டுக்கு ஊரார் இல்லை, பார்வையாளர்களும் இல்லை. களவு மட்டும் தடுக்கப்பட்டிருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஆகமத்திலும் பெயரில்லை, அருங்காட்சியகவியலிலும் பெயரில்லை. திருவிழா வந்தால் ஊர்க்காரர்கள் விண்ணப்பம் கொடுத்து, காவலோடு தங்கள் சாமியைக் கூட்டிப்போய், வீதியுலா முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைத்து, பதிவேட்டில் கையெழுத்திடுகிறார்கள்.